முழுத் தொகையையும் ஒரே கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ளக் கோரி

பெறுநர்: உயர்திரு பொறியாளர் அவர்கள், குடிநீர்ப் பிரிவு, நகராட்சி அலுவலகம்.

பொருள்: குடிநீர்க் கட்டணம் – ஒரு பகுதி மட்டுமே தங்களுக்கு வந்துசேர்வது – தொடர்பாக.

பார்வை: தங்கள் ரசீதும் எங்கள் மருந்துக்கடை பில்லும்.

ஐயா,

தாங்கள் வாங்கும் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று தங்கள் அலுவலகத்தில் வருத்தப்படுகிறார்களாம். வருந்த வேண்டாம். மீதியை நாங்கள் ஒழுங்காகக் கட்டித்தான் வருகிறோம். என்ன, தங்கள் கவுன்ட்டரில் கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

குடிக்கக் கேன். கேன் வராத நாளில் காய்ச்சிக் குடிக்க சிலிண்டர். சின்னவனுக்கு வயிற்றுப்போக்கென்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைக்கச் சொல்கிறார்கள், ஆகவே மறுபடியும் கேன். காய்ச்சல் விடாவிட்டால் ரத்தப் பரிசோதனை, டைபாய்டு, ஊசி. எதிர்வீட்டு அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். படுத்த நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள்; மருந்துக்குத் தோடு அடகுக்கடைக்குப் போனது. மாதாமாதம் அவர் கட்டுகிற அந்த வட்டியும் குடிநீர்க் கட்டணம்தானே ஐயா?

தங்கள் தொழில்நுட்பத்தையும் பாராட்ட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே வந்து காத்திருக்கிறது. திறந்ததும் முதல் ஆளாக வீட்டுக்கு வருவது அதுதான். (தெருவில் பாதிப் பேர் மோட்டார் போட்டு உறிஞ்சி அதற்கு ஒத்தாசையும் செய்கிறார்கள்.)

அதிலும் மஞ்சள் காமாலை தங்கள் பக்கம். ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போய் நோயாகத் தெரியச் சராசரியாக 28 நாள் ஆகும். அதற்குள் தாங்கள் குழாயை ஒட்டி, மண்ணைத் தள்ளிப் பள்ளத்தை மூடிவிடுகிறீர்கள். கண் மஞ்சளாகி வந்து நின்றால், "இப்ப தண்ணி நல்லாத்தானே வருது?" என்கிறார் தங்கள் ஊழியர். உண்மைதான், இப்போது நன்றாகத்தான் வருகிறது.

குளோரினிலும் குறை சொல்வதற்கில்லை. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும், அதையும் பயனாளரின் குழாயில் அளக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500. தாங்கள் மேல்நிலைத் தொட்டியடியில் அளக்கிறீர்கள். அங்கே தாராளமாக இருக்கிறது. தொட்டியடியில் யாரும் குடியிருக்கவில்லை.

ஆகவே, அடுத்த ரசீதில் கேன், சிலிண்டர், லேப், மருந்து, போன கூலி, அடகு வட்டி எல்லாவற்றையும் சேர்த்து அச்சடித்துத் தாங்களே வசூலித்துக்கொள்ள வேண்டுகிறோம். எங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.

அதற்கு விதியில் இடமில்லையென்றால், சாக்கடையை ஒட்டி ஓடும் பழைய இரும்புக் குழாயை மாற்றிக்கொடுங்கள். அதுவரை, தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் வாரம் ஒருமுறை குளோரின் அளந்து, வந்த அளவை வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப்போடுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வீட்டார்