பழைய சோறு, புது சிநேகம்

கேள்வி: வடமாநிலத் தொழிலாளர்களும் நம்ம ஊர்க்காரர்களும் மனம்விட்டுப் பழக வழி உண்டா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உண்டு. மொழிகூட வேண்டாம், முந்தின நாள் சோறு போதும். பனியன் கம்பெனியில் பக்கத்து மெஷினில் தைக்கும் ஒடிசாத் தம்பியிடம், "சின்ன வயசுல அம்மா என்ன குடுப்பாங்க?" என்று கேளுங்கள். 'பகாளா' என்பார். வேறொன்றுமில்லை, தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த நம் பழையதுதான்! வங்காளத்தில் அது 'பாந்தா பாத்'. ஒடிசாக்காரர்கள் மார்ச் 20ஐ அதற்கென்றே கொண்டாடுகிறார்கள். பூரி ஜகந்நாதருக்கே படைக்கிறார்கள். நாமோ விருந்தாளி வந்தால் பழையசோற்றுப் பானையை ஒளித்து வைக்கிறோம். இனி வெளியே எடுங்கள். அவர் வடகம் பொரிக்கட்டும், நீங்கள் சின்ன வெங்காயம் உரியுங்கள். இருவர் கண்ணிலும் நீர் வரும். காரணம் வெங்காயமா, அம்மாவா என்று யாரும் கேட்கமாட்டார்கள்!