சால்னா வாளியும் ஆவடித் தீர்மானமும்: ஒரு திணையியல் ஆய்வு

1955 ஜனவரியில் தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. அது என்ன ஆயிற்று என்று பொருளாதார வல்லுநர்கள் எழுபது வருடமாக டெல்லியில் தேடுகிறார்கள். பந்தல் போட்ட ஊரிலேயே தேடியிருக்கலாம். பாடியிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டுப் பரோட்டாக் கடைகளில், இருட்டியதும் அது எவர்சில்வர் வாளியில் ததும்பியபடி டேபிள் டேபிளாக வருகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தொல்காப்பியர் வழி நின்று முதற்பொருளை முதலில் உரைப்போம். நிலம், தொழிற்பேட்டையும் தொழிற்பேட்டை சார்ந்த இடமும். 1965இல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடித் தொழிற்சாலையும், அதே அறுபதுகளில் எழுந்த அம்பத்தூர் எஸ்டேட்டும் பிறப்பித்த திணை இது. பொழுது, செகண்ட் ஷிப்ட் விடும் யாமம். புள், கோழி. பறை, கல்லில் கொத்துப் பரோட்டா கொத்தும் ஓசை. உரிப்பொருளில்தான் சிக்கல். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தட்டில் இன்னும் எத்தனை வாய் மிச்சம் என்று கணக்கெடுக்கும் அந்த நிலையை இருத்தல் என்று கொண்டால் இது முல்லை. பார்க்கப்படுகிறவர் பக்கம் நின்று பார்த்தால் பாலை.

மாஸ்டர் செய்வதைக் கிட்டே நின்று காண்க. எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை வீசுகிறார். கண்ணாடிபோல் விரிந்ததைச் சுருட்டி, தட்டி, கல்லில் போடுகிறார். வெந்த ஐந்தாறை அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் அறைகிறார். அடுக்குகள் பிரிகின்றன. இந்த அறை விழாத பரோட்டாவைப் பரோட்டா என்று ஏற்பதற்கில்லை. சட்டம் வேறு கோணத்தில் யோசித்தது: 2020இல் கர்நாடகத்தில் ஒரு வரி ஆணையம், பாக்கெட் பரோட்டா ரொட்டி இனத்தில் சேராது, 18 சதவீதம் கட்டு என்றது. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் பரோட்டாவுக்கும் பீட்சா பிரெட்டுக்கும் ஒரே நாளில் வரி பூஜ்யமானது.

பீட்சா என்றதும் ஒப்பாய்வு கடமையாகிறது. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில், 1932இல் தொடங்கிய குவெரின் போன்ற பழைய கடைகளில், கவுன்ட்டர் ஓரம் நின்றபடியே சீஸ் வழியும் துண்டைத் தின்பார்கள். ஜெனோவாவிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் கொண்டுபோன ஃபைனா என்னும் கடலை மாவு அடையை அதன்மேல் ஏற்றிக்கொள்வதும் உண்டு. பிழைக்க வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பண்டம் என்ற அளவில், தூத்துக்குடி, விருதுநகர்ப் பெயர்களைப் போர்டில் தாங்கிய நம் கடைகளுக்கு அவர்கள் உறவு. ஆனால் ஃபைனாவுக்குத் தனிக் காசு. சால்னாவுக்கு அம்பத்தூரில் எவனும் காசு கேட்டதில்லை. ஆவடித் தீர்மானம் அர்ஜென்டினாவுக்குப் போய்ச் சேரவில்லை என்பது தெளிவு.

இனி மறுப்புகள். வாளிக்குள்ளும் வர்க்கம் உண்டு என்பர் ஒரு சாரார். மேலே சிவப்பாக எண்ணெய், நடுவே குழம்பு, அடியில் எலும்பு. புதிதாக வந்தவருக்குச் சப்ளையர் மேலாக மொண்டு ஊற்றுவார். வழக்கமாக வருகிறவர் மட்டும், "ணா, கொஞ்சம் கலக்கி ஊத்துணா" என்று உரிமையோடு சொல்வார்; கரண்டி அடிவரை போகும். இந்த மறுப்பு வலுவானதே. பார்சலோ அதைவிட மோசம். கவரில் நூல் சுற்றிக் கட்டித் தரும் சால்னா கறாரான ரேஷன். சமத்துவம் கடைக்குள் உட்கார்ந்தவருக்கு மட்டுமே.

பிய்த்துப் போட்டு ஊறவிடுவதா, தொட்டுத் தின்பதா என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர். தொட்டுத் தின்பவர் சென்னைக்குப் புதியவர் அல்லது அலுவலகச் சட்டையில் இருப்பவர். அவரை விட்டுவிடுவோம்.

முக்கியமான மறுப்பு கல்லாவிலிருந்து வருகிறது. பரோட்டா மிச்சமிருக்கும்போது சால்னா தீர்கிறது, கேட்கிறோம், ஊற்றுகிறார். இப்போது சால்னா மிச்சம், பரோட்டா தீர்ந்தது. இன்னொரு செட் சொல்கிறோம். இந்தச் சுழற்சி எங்கும் நிற்பதாகத் தெரியவில்லை. இலவசமாக வந்த வாளி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு செட்டை விற்றுவிட்டுப் போகிறது. தீர்மானத்தை நிறைவேற்றுவதாக நாம் நம்பிய முதலாளி, ஐந்தாண்டுத் திட்டம் ஏதுமில்லாமலே தேறிவிடுகிறார்.

கணக்கு மட்டும் இரு தரப்புக்கும் பொது. 2009இல் வந்த 'வெண்ணிலா கபடிக் குழு'வில் சூரி ஐம்பது பரோட்டா பந்தயத்தில் எண்ணிக்கையைத் தகராறாக்கினார். அதற்குப் பின்னும் கடைகள் துண்டுச்சீட்டுக்கு மாறிவிடவில்லை. கை கழுவிவிட்டு வருகிறவரைப் பார்த்துச் சப்ளையர் தூரத்திலிருந்தே கத்துகிறார்: "ப்ளூ சட்டை, ரெண்டு செட்டு, ஒரு ஆஃப்பாயில்!" ப்ளூ சட்டை அணிந்தவர் மூவர் எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பது தனி ஆய்வுக்குரியது.