மேலதிகாரியின் ஜோக்கும் கீழ்நிலை ஊழியரின் உழைப்பும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

அலுவலக அரசியல் ஊழியர்களின் செயல்திறனைக் கெடுக்கிறது என்பது பரவலான கருத்து. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அரசியல் தெரியாதவர்கள் என்பதால் முதன்மைச் சான்றாக ஏற்க இயலவில்லை.

இத்துறையின் முன்னோடி திருவள்ளுவர். மன்னரைச் சேர்ந்தொழுகலுக்கு 70ஆம் அதிகாரத்தை ஒதுக்கியவர், அடுத்ததற்குக் குறிப்பறிதல் என்று பெயரிட்டார். காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரத்துக்கும் அதே பெயர்தான். அதிகாரியின் முகத்தையும் காதலியின் முகத்தையும் ஒரே கூர்மையோடு கவனிக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். வெகுகாலம் கழித்து, 2005இல், அமெரிக்கப் பேராசிரியர் ஜெரால்டு ஃபெரிஸும் குழுவினரும் அரசியல் திறனை அளக்க 18 கூற்றுகள் கொண்ட பட்டியலை வெளியிட்டனர். ஆளை எடைபோடுதல், பேசி வசப்படுத்துதல், தொடர்பு வளர்த்தல், உள்ளன்போடு இருப்பதாகத் தோன்றுதல் என நான்கு கூறுகள். நான்காவதில் உள்ளன்பு கட்டாயமில்லை, தோன்றினால் போதும். மதிப்பெண்ணை ஊழியரே தனக்குப் போட்டுக்கொள்கிறார். இத்திறன் கைவந்தவர் எவ்வளவு போடுவார் என்பதை ஊகிக்கலாம்.

நமது களம், தமிழக அரசு அலுவலகப் பிரிவு. காலை 11 மணி, டீ வந்துவிட்டது. கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். பழைய ஜோக் வரப்போகிறது என்பதற்கு இதுவே அறிகுறி. தேர்ந்த உதவியாளர் பேனாவை மூடுகிறார். கடைசி வார்த்தைக்கு அரை நொடி முன்னதாகச் சிரிப்பைத் தொடங்கி, "சார், நீங்க எங்கயோ இருக்க வேண்டியவர் சார்" என்று முடிக்கிறார். (இதன் இரண்டாம் பொருளை எந்தக் கண்காணிப்பாளரும் இதுவரை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.) மூலை மேசைக்காரர் நிமிராமல் தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் சிரிக்கவில்லை என்பது மட்டும் பதிவாகிறது.

சிரிப்பால் பதவி உயர்வு கிடைக்காது; அது மூப்புப் பட்டியல்படிதான் வரும். ஆனால் யாருக்கு எந்த சீட், பொங்கலோடு ஒட்டித் தற்செயல் விடுப்பு போட்டால் கையெழுத்து விழுமா, சட்டமன்றக் கேள்விக்குச் சாயங்காலத்துக்குள் பதில் தயாரிப்பது யார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. சிரித்தவரின் தபால்கள் மெல்ல மூலை மேசைக்கு நகர்கின்றன. "நீங்க போட்டாத்தான் சார் கரெக்டா இருக்கும்" என்பது அப்போது ஓதப்படும் மந்திரம். ஆக, அரசியலால் பிரிவின் மொத்த உழைப்பு குறைவதில்லை, மேசைதான் மாறுகிறது. மாதக் கடைசியில் தன்பதிவேடுகளை அடுக்கிப் பார்த்தால் சிரித்தவர் கணக்கில் நிலுவையே இருக்காது. மூலை மேசைக்காரரிடம் விளக்கம் கேட்கப்படும். செயல்திறன் என்று ஏடுகள் அளப்பது இதைத்தான்.

முடிந்த கோப்புகளை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று வகைபிரித்துப் பதிவறைக்கு அனுப்பும் வழக்கம் மனத்தாங்கல்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. டீக்காசு தராதது ஓராண்டில் அழிக்கத்தக்கது. விடுப்பில் போனவரின் இழுப்பறையைத் திறந்தது மூன்றாண்டு. அதிகாரி முன்னிலையில் வரைவில் ஒற்றுப்பிழை காட்டியது பத்தாண்டு. ஓய்வுபெறும் விழாவில் பேச அழைக்காதது நிரந்தரம். ஜோக்குக்குச் சிரிக்காதது எந்த வகை என்பதில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை.

மூலை மேசைக்காரர் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்தார். இவர் இல்லாமல் பிரிவு நடக்காது, எனவே பரிசீலிக்க இயலாது என்று மேலே எழுதப்பட்டது. அந்தக் கடிதத்தின் வரைவையும் அவர்தான் போட்டுக்கொடுத்தார்.