ஒண்டுக்குடித்தனத்தில் ஓணான்கள்

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவரை நம் பழமொழி காலங்காலமாகக் கேலி செய்கிறது. அவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்ட விவேகி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊர்வன வளர்க்கும் அன்பர்கள் இரண்டாக வாங்குகிறார்கள். வாங்குவது சீன நீர் டிராகன். பெயரைக் கேட்டு நெருப்புக் கக்குமோ என்று பயப்பட வேண்டாம். அதுவும் ஓணான் குடும்பம்தான். வியட்நாம், தாய்லாந்து, தென்சீனக் காட்டோடைகளின் ஓரமாகக் கிளையில் தொற்றியிருக்கும். ஆபத்து என்றால் தொப்பென்று தண்ணீரில் விழுந்து மறையும். ஆண் மூன்றடி வரை வளரும், அதில் பெரும்பகுதி வால். ஒன்றை மட்டும் வாங்கினால் பாவம், அதற்குப் பேச்சுத்துணை இருக்காதே என்று கடையிலேயே மனம் இளகி, இன்னொன்றையும் வாங்கி, ஒரே கண்ணாடிப் பெட்டியில் குடிவைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் நடப்பது குடும்பம் அல்ல, ஒண்டுக்குடித்தனம் என்பதே என் வழக்கு. ஓணான்களுக்குக் கூச்சல் போடத் தெரியாததால் நாம் அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஒண்டுக்குடித்தனத்தில் சண்டை குழாயடியில் தொடங்கும். இங்கே குழாய்க்குப் பதில் விளக்கு. தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாத பிராணி இது. 32, 33 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கிளையில் ஏறி உட்கார்ந்தால்தான் தின்றது செரிக்கும். புறஊதாக் கதிர் மேலே பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகி எலும்பில் சுண்ணாம்புச்சத்து பிடிக்கும். வழக்கமான பெட்டியில் அப்படிப்பட்ட கிளை ஒன்றே ஒன்று. அதில் ஒன்றின் முதுகில் ஒன்று படுத்திருப்பதைப் படமெடுத்து, ‘பாசத்தைப் பாருங்கள்’ என்று உருகுகிறார்கள். மேலே படுத்தது விளக்கை வளைத்துப்போட்டிருக்கிறது. கீழே கிடப்பதற்கு நிழலும் பாரமும்தான் மிச்சம். சில சமயம் ஒன்று முன்னங்காலைத் தூக்கி மெல்ல வட்டமாக ஆட்டும். பார்க்கிறவர் அதை டாட்டா என்று நினைத்துத் தானும் கையாட்டுவார். ஓணான் பாஷையில் அதற்கு, ‘ஐயா, நான் தங்களுக்குப் போட்டியில்லை, விட்டுவிடுங்கள்’ என்று பொருள். எதிரே இருப்பது தொண்டையை உப்பிக்கொண்டு தலையை மேலும் கீழுமாக ஆட்டும். ஆமாம் ஆமாம் என்று அது ஒப்புக்கொள்ளவில்லை. பட்டா தன் பெயரில் இருப்பதை வாசித்துக் காட்டுகிறது.

‘குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை, ஒரு கீறல்கூட இல்லை’ என்பார்கள். குட்டியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம். ஜோடி என்று நம்பி வாங்கியவை, வளர்ந்து தாடை தடித்து முதுகுச் சீப்பு உயர்ந்தபின் இரண்டு ஆண்களாக வந்து நிற்கும். பங்காளிச் சண்டைக்கும் ஒரு வயது வர வேண்டாமா? கடி விழாமலே வெற்றி தோல்வி முடிவாகிவிடுவதும் உண்டு. வெட்டுக்கிளியைப் போட்டதும் ஒன்று பாய்ந்து தின்னும். மற்றது இலைமறைவில் இருந்து பார்க்கும். சில மாதங்களில் ஒன்று கொழுக்க, மற்றது இளைத்துச் சுருண்டு, ‘இது ரொம்பச் சாது’ என்ற நற்சான்றிதழைப் பெறும். பட்டினிக்கு இவ்வளவு மரியாதையான பெயர் வேறெங்கும் கிடைக்காது.

‘இயற்கையில் பக்கத்துப் பக்கத்தில்தானே வாழ்கின்றன?’ என்பது கொஞ்சம் கனமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் இதன் தூரத்து உறவான கிழக்கு நீர் டிராகன், பிரிஸ்பேன் நகரத்தின் நடுவே ரோமா ஸ்ட்ரீட் பூங்காவில் நெருக்கமாகத்தான் வாழ்கிறது. செலின் ஃப்ரேர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அவற்றைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, யார் பக்கத்தில் யார் என்று பல ஆண்டுகளாகக் குறித்து வருகிறார்கள். சிலரைத் தேடிப் போகின்றன, சிலரைக் கண்டால் ஒதுங்கிப் போகின்றன என்று தெரியவந்தது. ஏறக்குறைய நம் கல்யாண வீடு மாதிரி. ஆனால் கல்யாண வீட்டுக்கு வாசல் உண்டு. நாலடிப் பெட்டியில் ஒதுங்கிப் போக நினைப்பது கண்ணாடியில் மோதி மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறது.

துணையில்லாமல் ஏங்கிப்போகுமே என்ற கவலைக்கு வாஷிங்டனிலேயே பதில் கிடைத்திருக்கிறது. அங்கே ஸ்மித்சோனியன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் 2016ஆம் ஆண்டு சீன நீர் டிராகன் குட்டி ஒன்று பொரிந்தது. மரபணுவைச் சோதித்தால், தகப்பன் என்று ஒருவரே இல்லை. பிள்ளை பெறவே இன்னொருவரை எதிர்பார்க்காத பெண்மணிக்குப் பேச்சுத்துணை வேண்டுமென்று நாம் முடிவு செய்கிறோம். ஓர் அறையளவு இடம், இரண்டு மூன்று விளக்குகள், ஒன்றையொன்று பார்க்காமல் ஒளிய அடர்ந்த செடிகள், தனித்தனித் தீனித்தட்டு என்று வசதி செய்து, ஓர் ஆணோடு சில பெண்களை வளர்க்கும் அனுபவசாலிகள் இருப்பதை நான் மறுக்கவில்லை. அவர்களும் தேவைப்பட்டால் பிரித்து வைக்க இன்னொரு பெட்டியைத் தயாராக வைத்திருப்பார்கள். அந்த ஆணின் காதல், பெண்ணின் பிடரியைக் கவ்வுவதில் தொடங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

தனியாக வைத்தாலும் முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. கண்ணாடியில் தெரியும் தன் நிழலையே எதிராளி என்று நினைத்து, விறைத்து நின்று தலையாட்டும் ஆண்கள் உண்டு. அந்த எதிராளியைக் காலி செய்ய, பெட்டியின் மூன்று பக்கமும் பழுப்புக் காகிதம் ஒட்டினால் போதும்.