சுருதி சுத்தமான தொடர்பு

இசையமைப்பாளராகத் துடிக்கும், காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்புட்குழித் தம்பிகளுக்கு நற்செய்தி: இசை கற்க வேண்டியதில்லை. இளையராஜா, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்து, 1976-ல்தான் பஞ்சு அருணாசலத்தின் ‘அன்னக்கிளி’க்கு வந்தார். எத்தனை சுற்றுவழி! ரஹ்மானும் விளம்பர இசையில் காலம் கழித்த பிறகே 1992-ல் ‘ரோஜா’. அந்த நேரத்தில் நாலு பட பூஜைக்குப் போய் நாற்பது செல்ஃபி எடுத்திருக்கலாம்.

நம்மூர்த் தம்பி ஒருவர் விவரமானவர். ஆர்மோனியத்தை விற்று நல்ல செல்போன் வாங்கினார். இயக்குநர்களின் பிறந்தநாள், கல்யாண நாள், அவர்கள் வீட்டு நாயின் பெயர் எல்லாம் அத்துப்படி. சரளி வரிசைதான் மறந்துவிட்டது. டீசர் வருமுன்பே ‘மிரட்டல் அண்ணே’ என்று வாழ்த்திவிடுவார். வறுத்த பயறையும் முளைக்கவைக்கும் மரகதவல்லித் தாயார் ஊரில், விதைக்காத இசை முளைக்காதா என்ன?

முளைத்தது. பெரிய இயக்குநரே போன் செய்தார்.

“தம்பி, நீ காஞ்சிபுரம் பக்கம்தானே?”

“ஆமாண்ணே! டியூன் எப்போ கொண்டு வரட்டும்?”

“அது கிடக்கட்டும். பொண்ணுக்குக் கல்யாணம். தறி விலைக்கே பத்துப் பட்டுப்புடவை பார்த்துக் கொடு.”

அன்று மாலையே தறிக்கு முன்னால் நின்று தம்பி படம் போட்டார்: ‘பெரிய இயக்குநருடன் இணைகிறேன். கம்போசிங் ஆரம்பம்.’