பூனைக்கு ஒரு பந்தக்கால்

மெல்போர்ன்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கே நீங்கள், அத்தை, தோப்பு, நார் மில் எல்லாம் நலம்தானே? போன ஞாயிறு போனில், "என்னமோ கட்டை நடறேன்னியே, எதுக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனைப் பிடுங்கி, "பந்தக்காலா கண்ணு?" என்றார்கள். அந்தக் குரலில் இருந்த ஆசைக்கு உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். எழுத்தில் சொல்வது சுலபம்: கால் நட்டது நிஜம்தான். பூனைக்கு.

பேர் மிளகு. காப்பகத்திலிருந்து எடுத்து வந்தேன். விக்டோரியா மாநிலத்தில் பூனைக்கு மூன்று மாதம் ஆனதும் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்து, கவுன்சிலில் பதிந்து, வருஷா வருஷம் கட்டணமும் கட்ட வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பூனைக்குச் சலுகை உண்டு. எங்கள் கவுன்சிலில் பொழுது சாய்ந்தால் பூனைகளுக்கு ஊரடங்கு, விடிந்தால்தான் வெளியே விடலாம். சில கவுன்சில்களில் நாள் முழுக்கவே வீட்டுக் காவல்தான். 1788இல் வெள்ளைக்காரன் கப்பலோடு வந்திறங்கிய வம்சம், இந்த மண்ணின் குருவியையும் குட்டிப் பிராணிகளையும் தின்று தீர்த்த கணக்கு இன்னும் முடியவில்லை.

பகலில் கொல்லைப்புறத்தில் சுற்றலாம். அங்கேதான் வினை. வாடகை வீட்டுக்காரர் ஆசையாகப் போட்டு வைத்திருக்கும் மரத்தாழ்வாரத்தின் தூணை மிளகு பிறாண்டிப் பிறாண்டி நார் நாராக்க ஆரம்பித்தாள். இங்கே ஏஜெண்ட் என்று ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காமிராவோடு வந்து வீட்டைச் சோதனை போடுவார். பூனை வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2020 மார்ச்சிலிருந்து, வேண்டாம் என்று சொல்ல நினைக்கும் வீட்டுக்காரர்தான் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஆனால் தூண் போனால் என் அட்வான்ஸும் போகும்.

"நகத்தை வெட்டி விடு" என்பீர்கள். நுனியை வெட்டலாம், வெட்டுகிறேன். அதனால் பிறாண்டல் நிற்காது மாமா. நகத்தின் மேல் ஓடு பழசாகிக் கழன்று விழ வேண்டும். முதுகை நீட்டி முறுக்கெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பாதத்தில் இருக்கும் வாசனைச் சுரப்பியைத் தேய்த்து "இது என் இடம்" என்று பத்திரம் பதிய வேண்டும். அமெரிக்காவில் சிலர் நகத்தோடு விரல் நுனி எலும்பையே எடுத்துவிடுவார்கள். நியூயார்க் மாநிலம் 2019இல்தான் அதைத் தடை செய்தது. இங்கே வைத்தியக் காரணம் இல்லாமல் யாரும் அதைச் செய்யக்கூடாது. ஆக, ஒரு தூணைக் காப்பாற்ற இன்னொரு தூண்தான் வேண்டும்.

கடையில் கிடைக்குமே என்று போனேன். சல்லிசாகக் கிடைப்பதெல்லாம் வீட்டுக்குள் வைப்பது. உள்ளே காகிதக் குழாய், மேலே கம்பளம். இந்த ஊர் மழையில் ஒரு வாரத்தில் களியாகிவிடும். வெளியில் வைக்கத் தாங்குவது என்றால் 100 டாலருக்கு மேல், நம் பணத்தில் 5,500 ரூபாயைத் தாண்டும். அந்தக் காசுக்கு அங்கே ஒரு தென்னங்கன்று நாற்றங்காலே போட்டுவிடலாம். நானே செய்வது என்று பன்னிங்ஸுக்கு வண்டியை விட்டேன். ஆணி முதல் அடுக்களை வரை விற்கும் கடை அது. வார இறுதியில் வாசலில் யாராவது தர்ம காரியத்துக்காக ரொட்டியில் சாஸேஜ் வைத்து விற்பார்கள். வெங்காயத்தை மேலே போட்டால் கீழே விழுந்து யாராவது வழுக்கிவிடுவார்கள் என்று 2018இல் கடை நிர்வாகம் வெங்காயத்தைச் சாஸேஜுக்கு அடியில் போடச் சொல்ல, நாடே அதைப் பற்றி விவாதித்தது. ஊர் கூடினால் பேசுவதற்கும் ஏதாவது வேண்டுமே.

அங்கே பச்சை சாயல் அடிக்கும் பைன் கம்பங்கள் மலிவு. கரையான் தொடாது. ஏன் தொடாது? செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் ஏற்றிய ரகமும் அதில் உண்டு. விளையாட்டு ஊஞ்சல், சாப்பாட்டு மேஜைக்கெல்லாம் அந்த ரகம் ஆகாது என்று 2006இலேயே நிறுத்திவிட்டார்கள். பிறாண்டிய பாதத்தை நக்கிக்கொள்ளும் ஜீவனுக்கு மட்டும் ஆகுமா? மருந்தேற்றாத பைன் என்றால் மழையில் இற்றுவிடும். யோசித்துக்கொண்டே வீடு திரும்பினால், பக்கத்து வீட்டுக் கிரேக்கத் தாத்தா தைல மரக் கிளை ஒன்றை இறக்கி அறுத்துக்கொண்டிருந்தார். பட்டையோடு நாலடித் துண்டு ஒன்று, ஜாண் கனம். கேட்டதும் தூக்கிக் கொடுத்தார். பூனைக்கு என்றதும் மறுபடி வாங்கி, ரெண்டு முனையையும் மட்டமாக அறுத்துக் கொடுத்தார்.

அடுத்தது கயிறு. இங்கே எல்லோரும் சுற்றுவது சைசால் கயிறு, நம் ரயில் கற்றாழைக்குச் சொந்தக்காரச் செடியின் நார். வீட்டுக்குள் என்றால் முதல் தரம். வெளியில் நனைந்தால் ஊதும், காய்ந்தால் தொய்யும். ஜாண் கனக் கட்டையில் ரெண்டடி உயரத்துக்கு விரல் கனக் கயிற்றைச் சுற்றக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 35 மீட்டருக்கு மேல் இழுக்கிறது. நார் மில் புழுதியில் வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் கடைக்காரன் யோசனை எதற்கு? மறுபடி பன்னிங்ஸ் போய்க் கால்மிதி வரிசையில் தேடினேன். முதுகில் ரப்பர் ஒட்டாத, முடைந்த தேங்காய் நார் மிதியடி ஒன்று, 10 டாலர் சொச்சம். திருப்பினால் "மேட் இன் இந்தியா". பொள்ளாச்சியா, ஆலப்புழையா என்று போடவில்லை. மோந்து பார்த்தேன், நம்முடையது என்றுதான் பட்டது. உப்புத் தண்ணீருக்கே அசராத நாருக்கு மெல்போர்ன் மழை எம்மாத்திரம்! கட்டையின் கால்புறம் கொஞ்சம் விட்டு, நடுவில் இறுக்கிச் சுற்றி, ஓரத்தில் மட்டும் ஆணி அடித்து, தலைகளை உள்ளே தட்டிவிட்டேன். மேல்பகுதிப் பட்டை அப்படியே இருக்கட்டும், அதுவும் பிறாண்டத்தானே.

வாடகை வீட்டில் குழி தோண்ட முடியாது. பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் கட்டையை நிறுத்தி, தண்ணீர் ஊற்றினால் சீக்கிரமே இறுகும் கான்கிரீட்டை வாளி நிறையக் கொட்டினேன். அந்தக் கனம் இல்லாமல் ஆகாது. சாய்ந்து ஆடினால் பூனை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. முன்காலை முழுக்க நீட்டி நிற்க மூன்றடி உயரமும் வேண்டும். எல்லாம் சேர்த்து 30 டாலர் சுமாருக்கு முடிந்தது. தூணுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். மிளகு வந்தாள், மோந்தாள், நின்று இழுத்தாள். நார்ச் சத்தம் கேட்டபோது உங்கள் மில் ஞாபகம் வந்தது.

பகலில் அவள் ராஜ்ஜியம். ராத்திரியில்தான் கூத்து. ஊரடங்கு நேரத்தில் பாஸம் என்று புதர் வாலோடு ஒரு பிராணி வேலியில் நடந்து வந்து, அந்தக் கட்டையின் உச்சியில் உட்கார்ந்து என் எலுமிச்சை இலையைத் தின்கிறது. மிளகு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நிற்கிறாள். பாஸத்தை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடித்தால்கூட 50 மீட்டருக்குள்ளேயே திருப்பி விட வேண்டும் என்பது சட்டம். வரி கட்டுகிற பூனை உள்ளே, வரி கட்டாதது வெளியே. இந்த ஒரு விஷயத்தில் அவள் எந்தக் கவுன்சிலருக்கும் ஓட்டுப் போட மாட்டாள்.

இதைப் படித்ததும் நீங்கள் நல்ல கயிறாக ஒரு கட்டு பார்சல் போடக் கிளம்புவீர்கள் என்று தெரியும். போடாதீர்கள் மாமா. செடி கொடியில் செய்த எதையும் இந்த நாட்டுக்காரர்கள் லேசில் உள்ளே விட மாட்டார்கள், பார்சலை மோந்து பார்க்கவே நாய் வளர்க்கிறார்கள். நாய் முத்திரை விழுந்த கயிற்றை மிளகு தொடவே மாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அத்தையிடம் முதல் பத்தியை மட்டும் படித்துக் காட்ட வேண்டாம்.