ஜெர்மானிய விமான அமைச்சகத்துக்கு ஒரு வண்ண விண்ணப்பம்

அனுப்புநர்:
பிளாஸ்டிக் விமானம் ஒட்டுபவன்,
மொட்டைமாடி அறை, சென்னை.

பெறுநர்:
கண்காணிப்பாளர், வண்ணப் பிரிவு,
ரைஷ் விமான அமைச்சகம் (1933–1945),
வில்ஹெல்ம் தெரு, பெர்லின்.

பொருள்: 1/48 அளவு ஃபோக்க-வுல்ஃப் டிஏ 183 மாடலுக்கு இந்திய விமானப்படை வண்ணம் பூச முன்தேதியிட்ட அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் வண்ண விதிநூல் எல்.டி.வி. 521/1, 1941ஆம் ஆண்டுப் பதிப்பு.
2. மாடல் போட்டி நடுவர் வாய்மொழியாகக் கேட்ட "ரெஃபரன்ஸ் எங்க சார்?"

ஐயா,

தங்கள் அமைச்சகம் 1945இல் கடையைக் கட்டிவிட்டது எனக்குத் தெரியும். அமைச்சர் கோரிங் அடுத்த ஆண்டு அக்டோபரில், தூக்குக்குக் குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால், நூரம்பெர்க் சிறையில் சயனைடு தின்று தம் கோப்பைத் தாமே மூடிக்கொண்டார். அதனால்தான் இந்த மனு அமைச்சருக்குப் போகாமல் கண்காணிப்பாளருக்கு வருகிறது. எர்ன்ஸ்ட் சாகெபீல் வடிவமைத்த தங்கள் கட்டடம் மட்டும் குண்டுவீச்சுக்குத் தப்பி நிற்கிறது. 1949இல் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே அதற்குள் பிறந்து, பிறகு மறைந்தும் போயிற்று. இப்போது அங்கே நிதி அமைச்சகம் நடக்கிறது. (இந்த உறையைப் பிரிக்கும் நிதித்துறை அலுவலர் அஞ்ச வேண்டாம், பணம் கேட்டு எழுதவில்லை.) ஆளில்லாத அலுவலகத்துக்கு மனுப் போடுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான வேலை. நாற்காலி இருக்கும், மின்விசிறி சுற்றும், சாயங்காலம் வரச் சொல்வார்கள்.

தங்கள் இடத்தில் நாற்காலிகூட இல்லை; ஆனால் அதிகாரம் குறையவில்லை. 80 ஆண்டுகளாகியும், உலகின் எந்த மூலையில் எவன் ஒரு ஜெர்மன் விமான மாடலை முன்னால் வைத்துக்கொண்டு ஏர்பிரஷ்ஷை எடுத்தாலும் தங்கள் வண்ண எண்களிடம்தான் உத்தரவு வாங்குகிறான். 02, 65, 70, 71, 74, 75, 76. பெயிண்ட் புட்டி மூடியில் அச்சாகியிருக்கிறது. ஒரு 76 நீலம் சற்றுப் பச்சையடித்துவிட்டால் நண்பர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. உயிரோடிருக்கும் எந்த அரசின் எந்தச் சுற்றறிக்கைக்கும் இவ்வளவு கீழ்ப்படிதலை நான் பார்த்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிஏ 183 என்ற விமானத்தைத் தாங்கள் கட்டவே இல்லை. ஃபோக்க-வுல்ஃப் நிறுவனத்தில் ஹான்ஸ் முல்ட்ஹோப் வரைந்தார்: 40 பாகை பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, குட்டை உடம்பு, அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத நெட்டை வால். 1945 பிப்ரவரியில், ரஷ்யப் படை ஓடர் ஆற்றங்கரையில் நிற்கும்போது, அவசரப் போர்விமானப் போட்டியில் இதுதான் தேறியது என்று தீர்ப்புச் சொன்னீர்கள். ஏப்ரலில் பிரிட்டிஷ் படை வந்து பார்த்தபோது காகிதம் இருந்தது, விமானம் இல்லை. அதற்குப் பூட்ட நினைத்த ஹைன்கல் 011 இன்ஜினும் தொடர் உற்பத்தியைக் காணவில்லை. உடம்பும் இல்லாமல், உயிரும் இல்லாமல் போட்டியில் ஜெயித்த விமானம் அது.

எனக்கு வந்த பெட்டியில் மட்டும் முழுசாக இருந்தது. ஒட்டிய கதையில் சுவாரசியம் குறைவு. மூக்குக்குள் ஈயக் குண்டு வைக்காவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும், வைத்தேன். இணைப்புகளுக்குப் பட்டி, பிறகு உப்புத்தாள், மறுபடி பட்டி. இறக்கை நுனிக்கு நுனி 20 சென்டிமீட்டர் சொச்சம். மேசை டிராயருக்குள் ஒளித்து வைக்கலாம், வீட்டுக்காரியிடம் விலையை ஒளிப்பதுதான் கஷ்டம்.

வண்ணத்துக்குத்தான் தங்கள் அனுமதி தேவைப்படுகிறது. வழக்கமாக இந்த மாடலை வாங்குகிறவர்கள் '1946' என்று ஒரு கதை வைத்திருக்கிறார்கள்: போர் முடியவில்லை, விமானம் தயாராகி வானில் ஏறிவிட்டது. எனக்கு வேறொரு கதை தோன்றியது. ஃபோக்க-வுல்ஃப் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1947இல் வேறு பெயரில் அர்ஜென்டினாவுக்குப் போனார். 183இன் சாயலில் அங்கே கட்டிய புல்குய் 2, 1950இல் பறந்தது. 1955இல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. டாங்க் பெங்களூருக்கு வந்து சேர்ந்து, இந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் எச்எஃப்-24 மாருத் விமானத்தை வடிவமைத்தார். 1961 ஜூன் 17இல் அது பறந்தது. பயிற்சி விமானங்களையும் சேர்த்து 147 கட்டினார்கள். இவ்வளவும் சரித்திரம். இதில் நான் செருகியது ஒரே ஒரு இடம்: பெங்களூரு வந்த டாங்க், புதிதாக வரையச் சோம்பல்பட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து 183இன் வரைபடத்தையே எடுத்து நீட்டினார். நம்மவர்கள் அதற்குள் ஓர் ஆர்ஃபியஸ் இன்ஜினைத் திணித்து, வெள்ளி வண்ணம் அடித்து, காவி-வெள்ளை-பச்சை வட்டம் போட்டு, ஓடுதளத்தின் ஓரத்தில் நிறுத்தினார்கள்.

கற்பனை என்பதால் கை போன போக்கில் பூசிவிடலாம் என்று நடுவர்கள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நடந்த விமானத்துக்குப் புகைப்படம் இருக்கிறது. கறை எங்கே என்று படம் சொல்லிவிடும். நடக்காத விமானத்தில் ஒவ்வொரு கறைக்கும் நான்தான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

தங்கள் திட்டப்படி 183இன் இறக்கைக்கு உலோக முதுகெலும்பு, மேலே மரத் தோல். அலுமினியம் தட்டுப்பாடு தங்களுக்கு, ஈரக்காற்று எங்களுக்கு. ஒட்டுப்பலகை விமானம் இந்தியாவில் என்ன பாடுபடும் என்பதற்குச் சாட்சி உண்டு. 1944 இறுதியில் இங்கிருந்த பிரிட்டிஷ் மாஸ்கிட்டோ விமானங்கள் சிலவற்றில் இறக்கையே பிய்ந்தது; பறப்பதை நிறுத்திவைத்து ஆராய்ந்தார்கள். வெயில் சூட்டைத் திருப்பியடிக்கட்டும் என்று இந்தப் பக்கத்து மாஸ்கிட்டோக்களுக்கு வெள்ளி பூசினார்கள். 1948இல் நம் படைக்கு வந்த முதல் ஜெட்டான வாம்பயரின் முன்னுடம்பும் பால்சாவும் ஒட்டுப்பலகையும்தான். ஆகவே என் 183க்கும் வெள்ளி. இது அலங்காரத்துக்கு அடித்ததல்ல, இறக்கையைக் காப்பாற்ற அடித்தது.

இங்கேதான் எல்லா மாடல்காரர்களும் வழுக்கும் இடம் வருகிறது. பெயிண்ட் உரிந்தால் அடியில் அலுமினியம் மின்ன வேண்டும் என்று கை பழகிவிட்டது. ஸ்பாஞ்சைக் கிள்ளி வெள்ளியில் தோய்த்து ஒற்றிக்கொண்டே போவார்கள். என் இறக்கையில் வெள்ளி மேலே இருக்கிறது, மரம் அடியில். எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். முதலில் வெளிர் மர நிறம்; அதன்மேல் ஆயில் பெயிண்டில் பர்ன்ட் அம்பரைக் காய்ந்த தூரிகையால் இழுத்துப் பலகையின் ரேகை. அது நன்றாகக் காய்ந்தபின் கிளியர் கோட், அதற்குமேல் சாதாரண ஹேர் ஸ்பிரே. அதன் மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வெள்ளி. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டு, நுனி கத்தரித்த பழைய தூரிகையால் குத்தினால், அடியில் ஹேர் ஸ்பிரே இளகி, மேலே வெள்ளி செதிலாக விடுகிறது. எங்கே குத்துவது என்பதில்தான் வித்தை. பலகைகள் சேரும் விளிம்பில் ஈரம் முதலில் புகும்; அங்கே. விமானி ஏறி மிதிக்கும் இறக்கையடியில். எரிபொருள் மூடியைச் சுற்றி. கெரசின் சொட்டி ஊறிய இடம் கறுத்திருக்கும், வெள்ளி உப்பியிருக்கும். உடம்பு உலோகம் என்பதால் அங்கே இந்தச் சங்கதி ஒன்றும் கிடையாது. பேனல் லைன்களில் ஆயில் வாஷ், ஓரத்துக்கு இயர் பட்ஸ், வால் பக்கம் இன்ஜின் சூட்டுக்கு நீலமும் பழுப்பும் கலந்த ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

பீரங்கி வாயில் கரி பூசவில்லை. என் கதையில் அது ஒரு குண்டும் சுடவில்லை.

காவி வட்டம் வெயிலில் வெளுக்க வேண்டும். ஆனால் காவி மட்டும் வெளுத்துப் பச்சை பளிச்சென்று நின்றால் சென்னையில் ஒரு வியாக்கியானம், லக்னோவில் இன்னொன்று. எனவே இரண்டையும் சமமாக வெளுத்தேன். ஏற்கெனவே வெள்ளையாக இருந்ததை வெளுக்க வழியில்லாமல் கொஞ்சம் அழுக்காக்கினேன்; அதைப்பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

போட்டி மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

"சார், இந்த ஸ்கீமுக்கு ரெஃபரன்ஸ் எங்க சார்?"

"இல்ல சார். இது வாட்-இஃப்."

"அப்ப வரலாற்றுத் துல்லியத்துல மார்க் போட முடியாதே?"

பக்கத்து மேசையில் இன்னொரு 183 நின்றது. அதே விமானம், அதே இல்லாமை. ஆனால் அதற்கு 81, 82, 84 என்று தங்கள் எண்களில் உருமறைப்பு, 1946 என்று ஓர் அட்டை. வேலை சுத்தம், மறுக்கவில்லை. பரிசும் அதற்குத்தான். வரலாற்றுத் துல்லியத்துக்காக.

இதில் எனக்குச் சில ஐயங்கள். 81ஐயும் 82ஐயும் 1944இல் அறிவித்தீர்கள். மாதிரி வண்ண அட்டையை இணைக்கவில்லை. இருக்கிற பழைய சரக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றும் தொழிற்சாலைகளிடம் சொல்லிவிட்டீர்கள். அதனால் 81 என்ற பழுப்பு-ஊதா, எஞ்சிய துண்டுகளில் ஓரிடத்தில் ஆலிவ் பச்சையாகவும் இன்னோரிடத்தில் சாக்லேட்டாகவும் கிடக்கிறது. 84 நிலைமை இன்னும் மோசம். போர்க்கடைசி விமானங்கள் சிலவற்றின் அடிவயிற்றில் ஒரு பச்சைநீலம் இருந்தது; தங்கள் ஆவணம் எதிலும் அதற்குப் பெயரில்லை என்பதால், பின்னால் வந்த ஆர்வலர்கள் தாங்களே 84 என்று எண் போட்டுக்கொண்டார்கள். இன்று அது புட்டியில் கிடைக்கிறது. தாங்கள் வெளியிடாத எண், தாங்கள் கட்டாத விமானத்தின் வயிற்றில், தாங்கள் பார்க்காத ஆண்டில். அதற்கு ரெஃபரன்ஸ் இருக்கிறதாம்.

கற்பனை வண்ணம் தங்களுக்குப் புதிதா என்றால் அதுவும் இல்லை. ஹைன்கல் 100 விமானப்படையில் ஏற்கப்படாமல் தொழிற்சாலையில் நின்றது. 1940இல் அதில் பன்னிரண்டை வரிசையாக நிறுத்தி, இல்லாத படைப்பிரிவுகளின் சின்னங்களை அவற்றின்மேல் மாற்றி மாற்றிப் பூசி, படமெடுத்து, 'ஹைன்கல் 113' என்று உலகத்துக்குக் காட்டினீர்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த பிரசார அமைச்சகம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. பிரிட்டிஷ் விமானிகள் அந்த 113ஐ வானில் சந்தித்ததாகவே அறிக்கை எழுதினார்கள். எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் தாங்கள்தான், ஐயா. அந்தப் பன்னிரண்டுக்கும் எவனாவது ரெஃபரன்ஸ் கேட்டானா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கசப்பாக இருந்தாலும். தங்கள் விமான வாலிலிருந்த ஸ்வஸ்திகச் சின்னத்துக்கு ஜெர்மனியில் சட்டப்படி தடை. ஆகவே பல டீகால் தாள்களில் அதை இரண்டு பாதியாக வெட்டி அச்சிடுகிறார்கள். ஒட்டுகிறவர் சேர்த்துக்கொள்ளலாம், அச்சிட்டவர் பாதி நிரபராதி, ஒட்டியவர் பாதி நிரபராதி. அதுபோலத்தான் அந்த 1946 கதையும். 1945இல் தங்கள் ஹைன்கல் 162 ஜெட்டை வியன்னாவுக்கு அருகே ஹின்டர்ப்ரூலில், ஜிப்சம் சுரங்கத்துக்குள் கட்டினீர்கள். கட்டியவர்கள் மவுட்ஹவுசன் முகாமின் கைதிகள். 1946இல் 183 பறக்க வேண்டுமானால் அந்த மனிதர்கள் இன்னும் ஓராண்டு சுரங்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். கதையில் அந்தப் பாதியை வெட்டி வைத்துவிட்டு, உருமறைப்பின் ஓரம் கூர்மையா மங்கலா என்று உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறார்கள். நான் போரை நடந்த தேதியிலேயே முடித்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியை மட்டும் கூட்டிக்கொண்டேன். என்னுடையது வரலாற்றுக்கு விரோதமாம்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்வது யாதெனில்: டிஏ 183 என்ற விமானத்துக்கு எந்த வண்ணமும் எந்த ஆண்டிலும் அதிகாரபூர்வமாகப் பூசப்படவில்லை, ஆகையால் எந்த வண்ணமும் மற்றதைவிடத் துல்லியமானதல்ல என்று தங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று வழங்க வேண்டும். தேதி 1945 ஏப்ரலுக்கு முன்னால் இருந்தால் நலம். அதற்குப் பின்னால் இருந்தால் ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது என்று நடுவர் சொல்லக்கூடும். கையெழுத்துப் போட ஆளில்லை என்றால் முத்திரை மட்டும் போதும். எங்கள் ஊரில் அதற்குத்தான் மரியாதை.

இப்படிக்கு,
பிளாஸ்டிக் விமானம் ஒட்டுபவன்.

இணைப்பு: 84 எண்ணிட்ட பெயிண்ட் புட்டி ஒன்று, முக்கால் பாகம் மீதி. தங்களுடையதல்ல என்றால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. உரியவர் வந்து கேட்கும்வரை வைத்திருக்கவும்.